சதுரங்கத்தில் இறுதியாட்டம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், சதுரங்கப் போட்டியின் பரிசளிப்புக்கு முன் நிகழ்த்திய சொற்பொழிவு. மேடையில் பலகை வைத்துக் காட்டிய நிலைகள் இங்கே எழுத்தால் தரப்படுகின்றன.)



கவியரங்கும் பரதநாட்டியமும் முடிந்து, நாடகம் தொடங்குவதற்கு முன் உள்ள இடைவேளையில் சதுரங்கத்தைப் பற்றிப் பேசுவது எளிய பணியன்று. பின்வரிசையில் காப்பி மணம் வீசத் தொடங்கிவிட்டது. ஒப்பனை அறையில் அரசர்களும் அமைச்சர்களும் மீசை ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் மேடைக்கு வருமுன், மரத்தாலான அரசர்களையும் அமைச்சர்களையும் பற்றிச் சில சொற்கள் கூற இசைவளித்த செயற்குழுவினருக்கு நன்றி. முழுச் சதுரங்கமும் அரைமணி நேரத்தில் அடங்காது. ஆகவே அதன் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அதற்குக் காரணமும் உண்டு. அது பின்னர் விளங்கும்.

சதுரங்க ஆட்டத்தைத் தொடக்கம், நடுவாட்டம், இறுதியாட்டம் என மூன்றாகப் பிரிப்பர். தொடக்கத்தில் படைகள் அணிவகுக்கின்றன. நடுவாட்டத்தில் அவை மோதுகின்றன. அரசிகள் வெட்டுண்டு, குதிரைகளும் மந்திரிகளும் பெரும்பாலும் பெட்டிக்குள் போன பின், இரண்டு அரசர்களும் சில சிப்பாய்களும் ஓரிரு காய்களும் எஞ்சி நிற்கும் நிலையே இறுதியாட்டம். முதல் இரண்டிற்கும் ஆதரவாளர் மிகுதி. தொடக்கத்தைப் பற்றி நூல்கள் அடுக்கடுக்காக வெளிவருகின்றன. சிறுவர்கள் பதினைந்து நகர்வு வரை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். நடுவாட்டத்தில் ஒருவர் அரசியைப் பலியிட்டால் சுற்றி நிற்போர் 'ஆகா' என்கிறார்கள். அரசிகள் இரண்டும் பலகையை விட்டு நீங்கியதும் அந்தக் கூட்டம் கலைகிறது. "இனி என்ன இருக்கிறது, சமந்தான்" என்று சொல்லி அடுத்த பலகைக்குப் போய்விடுகிறார்கள். பாயசம் வருமுன் இலையை மூடிவிட்டு எழுந்திருப்பவரைப் போன்றவர்கள் இவர்கள்.

மேலே செல்லுமுன் காய்களின் பெயர்களை வரையறுத்துக்கொள்வது நல்லது. இந்த வடபுலத்தில் வாழும் நமக்கு அது கட்டாயமுங்கூட. நாம் அரசி என்பதை இவ்வூரார் வசீர் என்பர். வசீர் என்றால் அமைச்சர். நாம் மந்திரி என்பதை அவர்கள் ஊண்ட், அதாவது ஒட்டகம், என்பர். நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாகக் கற்று, "மந்திரியை வெட்டிவிட்டேன்" என்று சொல்லும்போது, எதிரே இருக்கும் வடநாட்டு நண்பர் தம் அரசியே போய்விட்டதோ என்று திடுக்கிடுவதைக் காண்கிறோம். இங்கே அரசன், அரசி, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய் என்னும் நம் வழக்கையே கொள்கிறோம். மூலைக் கட்டத்தில் தொடங்கி நேராகச் செல்வது யானை; சாய்வாகச் செல்வது மந்திரி. கட்டங்களை ஏ முதல் எச் வரை எட்டு நெடுவரிசைகளாலும், வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரை எட்டுக் கிடைவரிசைகளாலும் குறிப்போம்.

இறுதியாட்டத்தில் முதலில் மாறுபவன் அரசன். அதுவரை அவன் மூலையில், சிப்பாய்களின் மதிலுக்குப் பின்னால், ஒளிந்திருந்தவன். வெளியே தலைகாட்டினால் அரசியும் யானையும் அவனை வேட்டையாடிவிடும். அந்தப் பெரும்படைகள் நீங்கியதும் அவனுக்கு அச்சம் நீங்குகிறது. ஒரு நகர்வுக்கு ஒரு கட்டமே செல்லக்கூடியவனாயினும், தன்னைச் சுற்றி எட்டுக் கட்டங்களையும் காக்கவும் தாக்கவும் வல்லவன் ஆகையால், நெருங்கிய போரில் அவன் குதிரைக்கும் மந்திரிக்கும் குறைந்தவன் அல்லன். கைதேர்ந்த ஆட்டக்காரர் அரசிகள் நீங்கிய மறுகணமே தம் அரசனை நடுப்பலகைக்கு நடத்திச் செல்வார். கைதேராதவர் பழைய பழக்கத்தால் அவனை இன்னும் மூலையிலேயே வைத்துக் காப்பார். இருவரிடையே காய்கள் சமமாக இருந்தும் ஒருவர் தோற்பதற்குப் பல வேளைகளில் இந்த ஒன்றே போதும்.

அடுத்து மாறுபவன் சிப்பாய். சிப்பாய் எட்டாம் வரிசையை அடைந்தால் அரசியாகலாம் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் இவ்விதிக்கு இன்றுள்ள ஆற்றல் எப்போதும் இருந்ததன்று. நம் நாட்டில் நாற்படையின் ஆட்டமாகப் பிறந்து, பாரசீகத்தின் வழியே அரபு நாடுகளுக்குச் சென்ற பழைய ஆட்டத்தில், இன்றைய அரசியின் இடத்தில் நின்ற அமைச்சர் சாய்வாக ஒரே ஒரு கட்டம் செல்லும் எளிய காய். சிப்பாய் கடைசி வரிசையை அடைந்தாலும் அந்த எளிய அமைச்சராகத்தான் ஆகமுடியும். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் அக்காய் இன்றைய அரசியின் பேராற்றலைப் பெற்றது. அதனால் தொடக்கமும் நடுவாட்டமும் விரைவுபெற்றன என்று வரலாற்று நூல்கள் சொல்லும். அதனினும் பெரிய மாறுதல் இறுதியாட்டத்தில் நிகழ்ந்தது என்பது நம் கருத்து. ஒற்றைச் சிப்பாய் மிகுதியாக இருப்பதே வெற்றிக்கு வழியாகக்கூடும் என்னும் நிலை அன்றுதான் பிறந்தது. 1749-இல் வெளிவந்த தம் நூலில் பிரெஞ்சு நாட்டுப் பிலிதோர் சிப்பாய்களையே ஆட்டத்தின் உயிராகக் கொண்டார். அவர் இசைநாடகங்கள் இயற்றிய இசைப்புலவரும் ஆவார். சிறிய சுரத்தின் மதிப்பை அறிந்தவர் சிறிய காயின் மதிப்பையும் அறிந்தார் போலும்.

இனி, இறுதியாட்டத்தின் எழுத்தறிவு எனத்தக்க ஒரு நிலையைப் பார்ப்போம். வெள்ளை அரசன் இ5-இல் இருக்கிறான். அவனுக்குப் பின்னால் இ4-இல் அவன் சிப்பாய். கறுப்பு அரசன் இ7-இல் எதிரே நிற்கிறான். வேறு காய் இல்லை. இந்நிலையில் வெற்றியா, சமனா என்று கேட்டால், விடை கூறமுடியாது. நகர்த்தும் முறை யாருடையது என்று முதலில் கேட்கவேண்டும். முறை கறுப்பினுடையதாயின் வெள்ளை வெல்லும். முறை வெள்ளையினுடையதாயின் ஆட்டம் சமன். அரசர்கள் இருவரும் ஒரு கட்டம் இடைவிட்டு எதிரெதிரே நிற்பதை எதிர்நிலை என்கிறோம். இதில் நகர்த்தவேண்டியவனே வழிவிடவேண்டியவன். கறுப்பு அரசன் ஒருபுறம் ஒதுங்கினால் வெள்ளை அரசன் மறுபுறம் முன்னேறுவான்; சிப்பாயின் பாதை திறந்துவிடும்.

உலகில் வேறு எந்தப் போரிலும் இல்லாத விந்தை இது. சும்மா இருக்க உரிமையில்லாமையே தோல்விக்குக் காரணமாகிறது. நடுவாட்டத்தில் ஒரு நகர்வு என்பது செல்வம். ஒரு நகர்வு முந்துவதற்காக ஒரு சிப்பாயையே கொடுக்கிறோம். இறுதியாட்டத்திலோ "என் முறை இல்லாமல் போகக்கூடாதா" என்று ஏங்கும் வேளைகள் வருகின்றன. செருமானியர் இதற்குச் சுக்சுவாங் என்று பெயரிட்டனர். நகர்த்தியே ஆகவேண்டிய நெருக்கடி என்பது பொருள். அச்சொல் இன்று உலக மொழிகள் பலவற்றிலும் ஆட்டக்காரர் வாயில் வழங்குகிறது.

இப்போது நம் சங்கத்துப் போட்டிக்கு வருவோம். மண்டபம் நமக்கு வாடகைக்குக் கிடைப்பது. இரவு 9 மணிக்குச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் 90 நிமிடம் ஒதுக்கி, மணி அடித்ததும் முடியாத ஆட்டங்களில் காய்களை எண்ணித் தீர்ப்புக் கூறும் வழக்கம் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, அரசிக்கு 9. கூட்டிப் பார்த்து மிகுந்தவருக்கு வெற்றி. பல சங்கங்களிலும் பள்ளிகளிலும் இதுவே முறை. எல்லோருக்கும் விளங்கும் முறை, சண்டையில்லாத முறை. அதன் நன்மையை நாம் மறுக்கவில்லை.

இவ்வாண்டு மூன்றாம் சுற்றில், இரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும் ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தியும் ஆடினர். மணி அடித்தபோது பெரியவரிடம் அரசனோடு ஒரு மந்திரியும், எச் வரிசையில் ஒரு சிப்பாயும் இருந்தன. சிறுமியிடம் அரசன் மட்டுமே. அவன் எச்8 மூலையில் இருந்தான். நான்குக்குச் சுழி. வெற்றி பெரியவருக்கு என்று எழுதப்பட்டது. சிறுமி அழவில்லை. நடுவராக இருந்த அன்பரிடம், "மாமா, தாத்தாவால் என்னை இந்த மூலையை விட்டுக் கிளப்பவே முடியாதே, அப்புறம் எப்படி அவர் ஜெயித்தார்?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது முற்றிலும் சரி. எச்8 கறுப்புக் கட்டம். பெரியவரின் மந்திரியோ வெள்ளைக் கட்டங்களில் மட்டுமே செல்வது. அம்மூலையை அது ஒருநாளும் தாக்கமுடியாது. சிறுமியின் அரசன் மூலையிலும் அதன் பக்கத்துக் கட்டத்திலுமாக மாறி மாறி நின்றால் போதும். அவனை நெருக்கினால், செக் இல்லாமலே நகர வழியின்றி நிற்பான். அது ஸ்டேல்மேட், ஆட்டம் சமன். பெரியவர் விடியும்வரை ஆடினாலும் வெல்லமுடியாது. அதே மந்திரி கறுப்புக் கட்டத்து மந்திரியாக இருந்திருந்தால் சிறுமிக்கு வழியே இல்லை. எண்ணிக்கைப் பட்டியலில் இரண்டு மந்திரிகளுக்கும் மதிப்பு மூன்றுதான். பெரியவர் உடனே எழுந்து, "இது சமன், அரைப் புள்ளி அவளுக்கு எழுதுங்கள்" என்றார். விதி இடந்தரவில்லை. அவர் பெருந்தன்மையை நாம் எல்லோரும் பாராட்டினோம். அரைப் புள்ளியை மட்டும் எழுதவில்லை.

எண்ணிக்கை எவ்வளவு தூரம் பொய்க்கும் என்பதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. வீட்டிற் பலகை உள்ளோர் வைத்துப் பார்க்கலாம். வெள்ளை அரசன் பி6-இல். வெள்ளைச் சிப்பாய் சி6-இல். கறுப்பு அரசன் ஏ1-இல். கறுப்பு யானை டி5-இல். முறை வெள்ளையினுடையது. சிப்பாய்க்கு 1, யானைக்கு 5. எண்ணினால் கறுப்புக்கே வெற்றி. 1895-இல் கிளாஸ்கோ நகரச் செய்தித்தாள் ஒன்றின் சதுரங்கப் பகுதியில் இதனின்றும் எழும் நிலை வெளியிடப்பட்டது; கறுப்பு சமன் செய்யலாம் என்று அதை வெளியிட்டவர் கருதினார். அந்நகரில் வாழ்ந்த சாவேத்ரா என்னும் ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் இல்லை, வெள்ளை வெல்லும் என்று காட்டினார்.

சிப்பாய் சி7-க்கு ஏறுகிறது. யானை டி6-இல் செக் சொல்கிறது. வெள்ளை அரசன் பி5-க்கு இறங்குகிறான். யானை டி5-இல் மீண்டும் செக், அரசன் பி4. டி4-இல் செக், அரசன் பி3. டி3-இல் செக், அரசன் சி2. படிக்கட்டில் இறங்குவது போல இறங்கி வந்துவிட்டான். இனி யானைக்குச் செக் சொல்ல நல்ல இடமில்லை. ஆயினும் கறுப்பிடம் ஒரு சூழ்ச்சி எஞ்சியிருக்கிறது. யானை டி4-க்குச் செல்கிறது. வெள்ளை ஆவலோடு சிப்பாயை அரசியாக்கினால், யானை சி4-இல் தன்னைப் பலியாக வைத்துச் செக் சொல்லும். அரசி அதை வெட்டினால் கறுப்பு அரசனுக்கு நகர இடமில்லை, ஸ்டேல்மேட், சமன். இங்கேதான் பாதிரியாரின் கண் பட்டது. சிப்பாயை அரசியாக்கவேண்டாம், யானையாக்குக! இப்போது ஏ8-இல் செக் சொல்லி வெல்லும் அச்சுறுத்தல் இருக்கிறது. அதைத் தடுக்கக் கறுப்பு யானை ஏ4-க்குச் செல்லவேண்டும். உடனே வெள்ளை அரசன் பி3-க்கு வருகிறான். கறுப்பு யானையும் தாக்கப்படுகிறது. சி1-இல் செக்மேட்டும் காத்திருக்கிறது. இரண்டையும் தடுக்க வழியில்லை.

ஒன்பது மதிப்புள்ளதை விட்டு ஐந்து மதிப்புள்ளதைக் கேட்டுப் பெறுவதால் வெற்றி. சாவேத்ரா பெரிய ஆட்டக்காரர் அல்லர். அவர் பெயர் இன்று சதுரங்க உலகம் முழுவதும் நிலைத்திருப்பது இந்த ஒரே நகர்வால்தான்.

மற்றொன்று, 1921-இல் ரிசார்டு ரெட்டி அமைத்தது. இதில் நான்கே காய்கள். வெள்ளை அரசன் எச்8. வெள்ளைச் சிப்பாய் சி6. கறுப்பு அரசன் ஏ6. கறுப்புச் சிப்பாய் எச்5. முறை வெள்ளையினுடையது, வேண்டுவது சமன். பார்ப்பவர் எவரும் நகைப்பர். கறுப்புச் சிப்பாய் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் துரத்தும் வெள்ளை அரசன் இரண்டு நகர்வு பின்தங்கியிருக்கிறான். அவனுடைய சிப்பாயோ கறுப்பு அரசனின் கைக்கெட்டும் தொலைவில் தனித்து நிற்கிறது. இரண்டும் இழந்த காரியம். ரெட்டியின் விடை: அரசன் நேராகத் துரத்தாமல் சாய்வாக நடக்கட்டும். ஜி7, எஃப்6, இ5. ஒவ்வோர் அடியும் கறுப்புச் சிப்பாயையும் நெருங்குகிறது, தன் சிப்பாயையும் நெருங்குகிறது. கறுப்பு அரசன் வெள்ளைச் சிப்பாயை வெட்ட நேரம் செலவிட்டால், வெள்ளை அரசன் எஃப்4-க்குச் சென்று ஓடும் சிப்பாயைப் பிடித்துவிடுவான். கறுப்புச் சிப்பாய் ஓடினால், அவன் டி6-க்குச் சென்று தன் சிப்பாயை அரசியாக்கிக்கொள்வான்.

இதன் அடிப்படை பலகையின் கணக்கிலேயே இருக்கிறது. தரையில் வளைந்து செல்லும் வழி நீளமானது; பலகையில் அவ்வாறன்று. எச்8-இலிருந்து எச்2-க்கு நேராக இறங்கினால் அரசனுக்கு ஆறு நகர்வு. இ5 வரை சாய்ந்து சென்று திரும்பி வந்தாலும் அதே ஆறு நகர்வுதான். எண்ணிப் பாருங்கள். இந்த எளிய உண்மை ஆட்டம் தோன்றிய நாள்தொட்டுப் பலகையில் கிடந்தது. நான்கு காய்களை வைத்து அதைக் கண்முன் நிறுத்தியது ரெட்டியின் கலை. காய்களை எண்ணுவோர் இந்நிலையையும் சமன் என்றே கூறியிருப்பர் என்று ஓர் அன்பர் நம்மிடம் வாதிட்டார். உண்மைதான், நின்றுபோன கடிகாரமும் நாளுக்கு இருமுறை சரியான மணி காட்டுகிறது.

யானைகள் எஞ்சும் இறுதியாட்டமே நடைமுறையில் மிகுதியாக வருவது. கற்கக் கடினமானதும் அதுவே. ஒரு யானையும் ஒரு சிப்பாயும் உள்ளவரை ஒரு யானை மட்டும் உள்ளவர் எவ்வாறு தடுத்து நிறுத்தலாம் என்பதை முன்சொன்ன பிலிதோர் 1777-இல் காட்டினார். தற்காப்பவரின் அரசன் சிப்பாயின் வழியை மறித்து நிற்க, யானை தன் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையில் நின்று எதிரி அரசனை முன்னேறவிடாமல் தடுக்கும். சிப்பாய் அவ்வரிசைக்கு ஏறியதும் யானை பலகையின் மறுகோடிக்குச் சென்று பின்னாலிருந்து செக் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒளிய இடமின்றி எதிரி அரசன் அலைவான், ஆட்டம் சமன். சிப்பாய் உடையவர் வெல்லும் எதிர்மாறான நிலைக்கு லுசேனாவின் பெயரை இட்டு வழங்குகின்றனர். 1497-இல் வெளிவந்த லுசேனாவின் நூலில் அந்நிலை இல்லை என்பதும், 1634-இல் சால்வியோ எழுதிய நூலில்தான் அது காணப்படுகிறது என்பதும் வேடிக்கை. உழைத்தவர் ஒருவர், பெயர் ஒருவருக்கு.

சென்னையில் 2013 நவம்பரில் நடந்த உலகப் போட்டியை இங்குள்ள பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். நம் விசுவநாதன் ஆனந்து தம் பட்டத்தைக் காக்க, நார்வே நாட்டு மாக்னசு கார்ல்சனோடு மோதினார். முதல் நான்கு ஆட்டங்கள் சமன். ஐந்தாம் ஆட்டத்திலும் ஆறாம் ஆட்டத்திலும் அரசிகள் நீங்கி, யானைகளும் சிப்பாய்களும் எஞ்சின. மற்றோர் ஆட்டக்காரராயின் கைகொடுத்து எழுந்திருக்கக்கூடிய நிலைகள் அவை. கார்ல்சன் எழவில்லை. ஆபத்தில்லாத சிறு சிறு தொல்லைகளைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இரண்டு ஆட்டங்களிலும் யானை இறுதியாட்டத்திலேயே வெற்றி அவருக்குக் கிடைத்தது. பத்து ஆட்டங்களில் 6½-க்கு 3½ என்று பட்டம் கைமாறியது. அன்று நம் நெஞ்சு வருந்திற்று. ஆயினும் அவ்விரண்டு ஆட்டங்களையும் பலகையில் வைத்துப் பார்க்குந்தோறும், அரசிகள் நீங்கினால் ஆட்டம் முடிந்தது என்பார்க்கு இவற்றினும் சிறந்த மறுமொழி இல்லை என்றே தோன்றுகிறது.

பதினோர் ஆண்டுகள் கழித்து அப்பட்டம் சென்னையில் பிறந்த மற்றொருவர்க்குக் கிடைத்ததும் இறுதியாட்டத்திலேதான். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் 14-ஆம் ஆட்டம். அதுவரை 18 வயதுக் குகேசும் சீன நாட்டு டிங் லிரனும் 6½ புள்ளிகளோடு சமமாக நின்றனர். அன்று கறுப்புக்காய் ஆடிய குகேசிடம் யானையும் மந்திரியும் இரண்டு சிப்பாய்களும். டிங்கிடம் யானையும் மந்திரியும் ஒரு சிப்பாயும். சரியாக ஆடினால் சமன். காய்களை எண்ணும் முறையோ ஒரு சிப்பாய் மிகுதி என்று அப்போதே குகேசுக்கு வெற்றி எழுதியிருக்கும். நம் பிள்ளைக்கு அவ்வாறு வந்த வெற்றியில் நமக்கு என்ன பெருமை இருந்திருக்கும்?

55-ஆம் நகர்வில் டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து, யானைகளை மாற்றிக்கொள்ள முன்வந்தார். காய்களைக் குறைத்தால் சமன் எளிதாகும் என்பது பொதுவாகச் சரியான எண்ணம். இங்கே அது பொய்த்தது. அவருடைய மந்திரி ஏ8 மூலையில் இருந்தது. மூலையில் நிற்கும் மந்திரிக்கு ஒரே ஒரு சாய்வுப் பாதைதான் உண்டு. யானைகள் வெட்டுண்டதும் குகேசு தம் மந்திரியை அதே பாதையில் டி5-இல் நிறுத்தினார். டிங்கின் மந்திரிக்கு விலக இடமில்லை, மாற்றிக்கொண்டே ஆகவேண்டும். மந்திரிகளும் நீங்கினால் எஞ்சுவது அரசர்களும் சிப்பாய்களும், இரண்டுக்கு ஒன்று. அதில் ஐயத்துக்கு இடமே இல்லை. 58-ஆம் நகர்வில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஐம்பத்துநான்கு நகர்வுகளில் தீராத உலகப் பட்டம் அடுத்த நான்கு நகர்வுகளில் தீர்ந்தது. குகேசு தம் மிகுதிச் சிப்பாயைச் சமனுக்கு விட்டுக்கொடுக்காமல் அமர்ந்திருந்ததன் பயன் அது.

இப்பொறுமையில் நம் நாட்டிற்கு முன்னோடி ஒருவர் உண்டு. பஞ்சாபில் பிறந்த மீர் சுல்தான் கான், சர் உமர் ஹயாத் கான் என்னும் பெருநிலக்கிழாரின் ஆதரவில் 1929-இல் இங்கிலாந்துக்குச் சென்றார். அவர் கற்றது நம் நாட்டுப் பழைய முறை. அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். எட்டாம் வரிசையை அடைந்தால், அடைந்த கட்டத்திற்குரிய காயாகவே மாறும். ஐரோப்பியத் தொடக்க நூல்கள் எவையும் அவர் அறியாதவை. ஆகவே தொடக்கத்தில் தடுமாறுவார். நடுவிலும் இறுதியிலும் நிமிர்வார். சென்ற ஆண்டே பிரித்தானியப் பட்டத்தை வென்றார்; 1932-லும் 1933-லும் மீண்டும் வென்றார். 1930-31-ஆம் ஆண்டு ஹேஸ்டிங்ஸ் போட்டியில் கப்பபிளாங்காவையே 65 நகர்வுகளில், சிறிதும் அவசரமின்றி நெருக்கி வீழ்த்தினார். பின்னர் நாடு திரும்பிப் பலகையை விட்டு விலகி, 1966-இல் மறைந்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கிராண்ட் மாஸ்டர் பட்டத்தைச் சிறப்பு நிலையில் வழங்கியது 2024-இல். இறுதியாட்டம் போலவே புகழும் சிலருக்கு மெதுவாக வருகிறது.

அவரிடம் தோற்ற கப்பபிளாங்காவும் இறுதியாட்டத்தின் பேரறிஞர். 1921 முதல் 1927 வரை உலகப் பட்டம் அவரிடம் இருந்தது. கற்பவர் இறுதியாட்டத்திலிருந்தே தொடங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. 1921-இல் வெளிவந்த அவருடைய அடிப்படை நூல் சில காய்களே உள்ள எளிய செக்மேட்டுகளில்தான் தொடங்குகிறது. எழுத்துக்களைக் கற்ற பின்னரே செய்யுள் என்பது போல. நம் பிள்ளைகளுக்கோ நாம் செய்யுளை முதலில் உருப்போடச் செய்கிறோம்.

கணிப்பொறி வந்தபின் இவையெல்லாம் எதற்கு என்று இளைஞர் சிலர் கேட்கலாம். அரசர்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரை உள்ள நிலைகள் அனைத்திற்கும் விடையை 2012-இல் மாஸ்கோவில் ஒரு பெருங்கணிப்பொறி கண்டுவிட்டது. அவற்றுள் ஒன்றில் செக்மேட்டுக்கு 549 நகர்வு வேண்டும். அந்நகர்வுகளின் காரணத்தை மனிதர் எவரும் விளக்கமுடியவில்லை. விடை இருக்கிறது, விளக்கம் இல்லை. சாவேத்ராவின் யானையைக் கண்டு நாம் அடையும் மகிழ்ச்சியோ விளக்கத்தால் வருவது. ஆகவே கணிப்பொறியால் நமக்கு இழப்பு ஒன்றுமில்லை. ஐயம் வந்தால் கேட்டுத் தெளிய ஒரு துணை கிடைத்திருக்கிறது, அவ்வளவே.

தொடக்கத்தில் காரணம் உண்டு என்றோமே, அதைச் சொல்லி முடிக்கிறோம். செயற்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு முதல் மணி அடித்துக் காய் எண்ணும் முறையைக் கைவிடுங்கள். அதற்கு மாறாகப் பலகைக்கு ஒன்றாகச் சதுரங்கக் கடிகாரம் வாங்குங்கள். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் 30 நிமிடம். ஒவ்வொரு நகர்வுக்கும் 10 விநாடி கூடுதல். 60 நகர்வு கொண்ட நீண்ட ஆட்டமாயினும் ஒருவருக்கு 40 நிமிடம், இருவருக்கும் சேர்த்து 80 நிமிடம். இப்போது நாம் ஒதுக்கும் 90 நிமிடத்தினும் அது குறைவு. எப்போதோ ஓர் ஆட்டம் அதற்குமேல் நீண்டால், அந்த ஒரு பலகையைக் காவலாளியின் அறைக்குத் தூக்கிச் சென்று முடித்துக்கொள்ளலாம். அவரும் ஆட்டம் தெரிந்தவர். கடிகாரங்களுக்கான பொருளுதவியில் ஒரு பங்கை ஏற்க அந்த இரயில்வேப் பெரியவர் முன்வந்திருக்கிறார். இன்னும் நால்வர் முன்வந்தால் போதும்.

பரிசளிப்பு முடிந்ததும், நாடகத்துக்குக் காத்திராத அன்பர்கள் நூலக அறைக்கு வரலாம். அங்கே பெரியவரும் அச்சிறுமியும் அன்று நின்றுபோன நிலையைப் பலகையில் வைத்து, மணி அடித்த இடத்திலிருந்து ஆடப்போகிறார்கள்.